முத்துக்குள்ள மணி வச்ச கை

ஒலிப்பதிவுல நடுநடுவுல பெரிய இரைச்சல் கேட்டா மன்னிச்சுக்கங்க. இந்த வாரம் நான் சூலூர்ல, எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து பேசறேன். மேல போறது ஏர்ஃபோர்ஸ் விமானம். கீழ கேக்கறது சித்தப்பாவோட விசைத்தறி. ரெண்டையும் எடிட் பண்ணி எடுக்கப் பார்த்தேன், முடியலை. எழுத்துல படிக்கறவங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, நீங்க கொடுத்து வச்சவங்க.

வழக்கமா நான் மென்பொருள், ஸ்டார்ட்அப், வேலை மாறுறது, இந்த மாதிரி விஷயம் பேசுவேன். இன்னிக்குக் கடல். அதுக்குக் காரணம் வீட்டுல நடந்த ஒரு பஞ்சாயத்து.

என் சித்தப்பா பொண்ணு, எனக்குத் தங்கச்சி முறை. கோயமுத்தூர்ல பி.எஸ்சி. விலங்கியல் முடிச்சிருக்கா. பரங்கிப்பேட்டையில எம்.எஸ்சி. கடல் உயிரியல் படிக்க இடம் கிடைச்சிருக்கு. திங்கக்கிழமைக்குள்ள ஃபீஸ் கட்டணும். வெள்ளிக்கிழமை ராத்திரி சித்தப்பா எனக்கு போன் பண்ணார். பெங்களூர்ல இருந்து அப்பத்தான் கிளம்பிட்டு இருந்தேன். "சாமி, நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா கேப்பா. கடலே இல்லாத ஊர்ல பொறந்துட்டு கடல் படிக்கிறாளாமா. ஏதாச்சும் கம்ப்யூட்டர் கோர்ஸ்ல சேத்தி உட்ரு. உனக்குத் தெரிஞ்ச எடத்துல ஒரு வேலையும் பாத்துக் குடுத்துரு." ஒரே போன் கால்ல ஒரு பொண்ணோட அடுத்த நாப்பது வருஷத்தை முடிச்சுட்டார்.

நானும் சரிங்க சித்தப்பான்னு சொல்லிட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, எனக்கும் அப்ப அவர் சொல்றதுதான் சரின்னு பட்டுச்சு.

ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்லிட்டு மேல போறேன். "கடலே இல்லாத ஊர்"னு சித்தப்பா சொன்னாரே, அந்த சூலூர்ல நம்ம கடற்படை இருந்திருக்கு. 1961ல ஐ.என்.எஸ். ஹன்ஸாங்கிற கடற்படை விமானத் தளத்தை இங்கதான் தொடங்கினாங்க. 1964ல அது கோவாவுக்குப் போயிருச்சு. அதுக்கு முன்னாடி, இரண்டாம் உலகப் போர் சமயத்துலயும் பிரிட்டிஷ் கடற்படை இந்த விமானத் தளத்தைப் பயன்படுத்தியிருக்கு. அதனால எங்க ஊருக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. சித்தப்பாகிட்ட இதைச் சொன்னேன். "விமானம் வேற, மீன் வேற கண்ணு"ன்னுட்டார்.

சனிக்கிழமை காலையில தங்கச்சிகிட்ட உட்கார்ந்து பேசினேன். கடல் ஏன் பிடிக்கும்னு கேட்டேன். டிவி நிகழ்ச்சி, திமிங்கலம், டால்ஃபின்னு ஏதாச்சும் சொல்லுவான்னு நினைச்சேன். அவ சொன்னது வேற. கல்லூரி ரெண்டாவது வருஷத்துல ஒரு ப்ராஜெக்டுக்காக நம்ம சூலூர்ப் பெரிய குளத்துல ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டுப் போனாளாம். ஆகாயத்தாமரையை விலக்கிட்டு மொண்ட தண்ணி. ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்த்தா அதுக்குள்ள ஒரு கூட்டமே ஓடிட்டு இருந்ததாம். ஒண்ணு கிட்ட ஒண்ணு போகுது, ஒண்ணு இன்னொண்ணை விழுங்குது. "அண்ணா, எனக்குக் கடலைப் பாக்கணும்னு ஒண்ணும் இல்லை. எனக்கு லேப் பிடிச்சிருக்கு. இதுக்குப் பெரிய லேப் எங்க இருக்குன்னு கேட்டேன். கடல்னு சொன்னாங்க."

இந்தப் பதில் எனக்குக் கொஞ்சம் இடிச்சுது. ஏன்னா நான் லேப்னு ஒண்ணை மதிச்சதே கிடையாது. ப்ளஸ் டூ வேதியியல் செய்முறை ஞாபகம் இருக்கா? ப்யூரெட்ல இருந்து சொட்டுச் சொட்டா விட்டு, நிறம் மாறுற இடத்துல நிறுத்தணும். எனக்கு அந்த இடத்துல நிறுத்த வரவே வராது. எப்பவும் கரும்பிங்க் ஆயிரும். பக்கத்து மேசைப் பையனோட ரீடிங்கை வாங்கி, பாயின்ட் ஒண்ணு கூட்டிக் குறைச்சு எழுதிட்டு வந்துருவேன். முழு மார்க். இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வருது.

அப்புறம் சனிக்கிழமை முழுக்கப் படிச்சேன். கடல் உயிரியல் படிச்சவங்க நம்ம ஊர்ல நிஜமா என்னதான் பண்ணியிருக்காங்கன்னு தேடினேன். சித்தப்பாகிட்ட வாதம் பண்ண எனக்கு ஒரு ஆள் வேணும். அப்பத்தான் கே. அழகர்சாமிங்கிற பேரு கண்ணுல பட்டுச்சு. தூத்துக்குடி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமா சி.எம்.எஃப்.ஆர்.ஐ. அங்க வேலை பார்த்த கடல் உயிரியலாளர். 1973 ஜூலையில இந்தியாவுல முதல் முறையா உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினவர்.

நான் இவரைப் பத்தி அதுக்கு முன்னாடி கேள்விப்பட்டதே இல்லை. உங்கள்ல எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கீங்க?

இதோட எடையைப் புரிஞ்சுக்கணும்னா அதுக்கு முன்னாடி இருந்த நிலைமை தெரியணும். கொற்கை முத்துன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம் இல்லையா, அது மன்னார் வளைகுடா முத்து. கடலுக்கு அடியில சிப்பி மொய்ச்சுக் கிடக்கிற பாறைத் திட்டுகளை அந்தக் கரையில "பார்"னு சொல்றாங்க. ஒவ்வொரு பாருக்கும் ஒரு பேரு உண்டு. பத்துப் பாகம் ஆழம் இருக்கும், ஒரு பாகம்னா ஆறடி. மூச்சை அடக்கிட்டுக் கீழ போய்ச் சிப்பியை அள்ளிட்டு வரணும். அப்படி அள்ளின ஆயிரக்கணக்கான சிப்பியில ஏதோ சிலதுல முத்து இருக்கும். இதுல இன்னொரு சிக்கல் என்னன்னா, சிப்பி சில வருஷம் இருக்கும், சில வருஷம் பார் மொத்தமும் காலியாக் கிடக்கும். 1955ல இருந்து 1961 வரைக்கும் வருஷா வருஷம் குளிப்பு நடந்துச்சு. 1961 குளிப்புதான் கடைசி. அதுக்கப்புறம் தூத்துக்குடியில முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. ரெண்டாயிரம் வருஷத் தொழில், பாரதி பாட்டுலயும் பாடப்புத்தகத்துலயும் மட்டும் மிச்சம்.

இதே நேரத்துல ஜப்பான்காரங்க கடலை நம்பாம முத்து விளைய வச்சுட்டு இருந்தாங்க. மிகிமோட்டோ 1893ல அரைவட்ட முத்து எடுத்துட்டார். முழு உருண்டை முத்துக்கான வழி 1900களோட முதல் பத்து வருஷத்துல வந்துச்சு. அதுல ரெண்டு பேர் பேரு அடிபடுது. நிஷிகாவா, மிசே. நிஷிகாவா கடல் உயிரியலாளர். மிசே ஒரு தச்சர். ஆமா, மரவேலை பாக்கிற தச்சர். எனக்கு இதுல ஆச்சரியம் இல்லை, ஏன்னு இப்பச் சொல்றேன். அந்த நுட்பத்தை வெளிநாட்டுக்காரங்களுக்குக் கத்துத்தர்றது இல்லைங்கிறதை ஜப்பான் ஒரு கொள்கையாவே வச்சிருந்தது. சுருக்கமா, டாக்குமென்டேஷன் கிடையாது, சோர்ஸ் கோடு கிடையாது. விளைஞ்ச முத்து மட்டும் கண்ணு முன்னாடி இருக்கு.

சரி, முத்து எப்படி உருவாகுது? மணல் துகள் உள்ள போனா முத்து ஆகும்னு நானும் நம்பிட்டு இருந்தேன். மணல் சும்மா உள்ள போனா ஒண்ணும் ஆகாது. சிப்பியோட ரெண்டு ஓட்டுக்கும் உள்பக்கமா ஒரு மெல்லிய சதைப் போர்வை ஒட்டியிருக்கும். மேன்டில்னு பேரு. அதோட வெளிப்பக்கத் தோல் செல்கள்தான் ஓட்டைக் கட்டுது, ஓட்டோட உள்பக்கம் மினுமினுக்கிற பூச்சையும் பூசுது. அந்தச் செல்கள் எப்படியோ உடம்புக்குள்ள தப்பான இடத்துல போய் மாட்டிக்கிட்டா, அங்கயும் அதே வேலையைத்தான் செய்யும். ஒரு பை மாதிரி சூழ்ந்துக்கிட்டு உள்பக்கமாப் பூசிக்கிட்டே இருக்கும். அதுதான் முத்து. ஒரு அடுக்கு சுமாரா அரை மைக்ரான். ஒரு தலைமுடித் தடிமன்ல நூறு அடுக்குக்கு மேல அடங்கும். வெளிச்சம் அத்தனை அடுக்குலயும் பட்டுத் திரும்பி வர்றதுதான் அந்த மினுமினுப்பு.

அப்படின்னா மனுஷன் செய்ய வேண்டியது என்ன? ஒரு சிப்பியோட மேன்டில்ல ஒரு துண்டு வெட்டி, இன்னொரு சிப்பியோட உடம்புக்குள்ள, ஒரு உருண்டை மணியோட சேர்த்து வைக்கணும். ஒரு வரியில சொல்லிட்டேன். இதைக் கையால செஞ்சு பார்க்கறதுதான் அழகர்சாமியோட கதை.

1972 கடைசியில தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில வேலை தொடங்குச்சு. அப்ப சி.எம்.எஃப்.ஆர்.ஐ. இயக்குநர் எஸ். இஸட். காசிம், பின்னாடி இந்தியாவோட முதல் அண்டார்டிகா பயணத்துக்குத் தலைமை தாங்கிப் போனவர். கடல்ல மரக்கழி கட்டித் தெப்பம் போட்டாங்க. அதுல இருந்து கூண்டு தொங்கும், கூண்டுக்குள்ள சிப்பி. மணி வேணுமே? ஜப்பான்ல நன்னீர் மட்டி ஓட்டை உருட்டி மணி செய்வாங்க. இங்க தடிமனான ஓட்டை வெட்டி, உருட்டி, மெருகேத்தி மணி செய்யற வழியையும் அழகர்சாமி குழு சேர்ந்தே தேடினாங்க. அதையும் ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதியிருக்காங்க. ஒரு ஆராய்ச்சியாளர் மணி உருட்டணும், தெப்பம் கட்டணும், கொட்டலசு சுரண்டணும்னு எந்த பி.எச்.டி. விளம்பரத்துலயும் போடறதில்லை.

இப்ப அறுவை சிகிச்சைக்கு வர்றேன். இந்தப் பகுதியை நான் மூணு தடவை படிச்சேன்.

முதல்ல சிப்பி வாயைத் திறக்கணும். இழுத்துத் திறந்தா உள்ள இருக்கிற தசை கிழிஞ்சு செத்துப்போகும். அதனால கடல்தண்ணித் தொட்டியில சிப்பியைப் போட்டு, மேல மென்தால் தூவுவாங்க. ஆமா, நம்ம தைலத்துல இருக்கிற அதே மென்தால். ஒண்ணு, ஒண்ணேகால் மணி நேரத்துல சிப்பி மயங்கி, தானா வாயைத் திறக்கும். அப்பச் சின்ன ஆப்பு ஒண்ணை நடுவுல சொருகி, ஒரு பிடிப்பான்ல நிறுத்தி வைப்பாங்க.

அதுக்குள்ள இன்னொரு பக்கம் தானம் தர்ற சிப்பி. நல்லா ஆரோக்கியமான ஒண்ணைப் பொறுக்கி, அதோட மேன்டில்ல இருந்து ஒரு நாடாவை நீளமா வெட்டி எடுக்கணும். கோழையை மெதுவாத் துடைக்கணும். ஓரத்துல இருக்கிற கறுத்த பகுதியை நீக்கணும். அப்புறம் அந்த நாடாவை ரெண்டு, மூணு மில்லிமீட்டர் சதுரமா வெட்டணும். அரிசியைப் பாதியா உடைச்சா எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான் ஒரு துண்டு. அது காயக்கூடாது. வடிகட்டின கடல்தண்ணியை சொட்டுச் சொட்டா விட்டுட்டே இருக்கணும்.

அந்தத் துண்டுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் இருக்கு. வெளிப்பக்கச் செல்தானே பூசும்? அந்தப் பக்கம் மணியைத் தொட்டுக்கிட்டு இருக்கணும். திருப்பி வச்சா வேலை கெட்டுச்சு. அரை அரிசி அளவுல எது உள், எது வெளின்னு மறந்துறாம இருக்கறதுக்கு லேசாச் சாயம் ஏத்துவாங்க.

இனி மயங்கிக் கிடக்கிற சிப்பி. காலோட அடிப்பக்கத்துல கூர்மையான கத்தியால ஒரு சின்ன வெட்டு. அங்க இருந்து இனப்பெருக்க உறுப்புக்குள்ள ஒரு சுரங்கம் மாதிரி வழி செய்யணும். கொஞ்சம் கை தவறினா குடல், ஈரல் மாதிரி உறுப்பு கிழியும். அந்த வழியில ஊசி முனையில மேன்டில் துண்டைக் கொண்டுபோய் வைக்கணும். அப்புறம் கிண்ணம் வச்ச இன்னொரு ஊசியால மணியைக் கொண்டுபோய், துண்டை ஒட்டினாப்புல வைக்கணும். மணி மூணு மில்லிமீட்டர்ல இருந்து ஏழு மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கலாம். வெட்டு வாயைச் சேர்த்து விட்டுட்டு, ஆப்பை எடுத்துட்டு, ஓடற தண்ணியில விட்டு மயக்கம் தெளிய வைக்கணும். சில நாள் ஆஸ்பத்திரிக் கவனிப்பு. அப்புறம் கூண்டு, தெப்பம், கடல்.

அதுக்கப்புறம் காத்திருக்கணும். சின்ன மணிக்கு மூணு, நாலு மாசம். பெரிய மணிக்கு ஒண்ணேகால், ஒண்ணரை வருஷம். அதுக்குள்ள சில சிப்பி மணியைத் துப்பிரும். சிலது செத்துரும். கொட்டலசு ஓட்டு மேல மொய்க்கும், புழு ஓட்டைத் துளைக்கும், மழைக்காலத்துல கடல் கலங்கிச் சேறு அடைக்கும். பொறுத்திருந்து கடைசியில திறந்து பார்த்தா மணி வச்ச மாதிரியே வெறும் மணியா இருக்கலாம். ஏன்? துண்டு நழுவியிருக்கலாம். திருப்பி வச்சிருக்கலாம். காய்ஞ்சிருக்கலாம். எது காரணம்னு சிப்பி எர்ரர் மெசேஜ் தராது.

நான் கோடு எழுதறேன். தப்பா எழுதினா ரெண்டு நிமிஷத்துல சிகப்புல வந்து நிக்கும். பழையபடி மாத்திக்கலாம். மேலதிகாரிக்குத் தெரியறதுக்கு முன்னாடி சரி பண்ணிரலாம். இவங்களுக்கு ஒரு தப்பு தெரியறதுக்கே மாசக்கணக்கு. பக்கத்து மேசை ரீடிங்கை வாங்கி எழுத முடியாது, ஏன்னா பக்கத்து மேசையே இல்லை. இந்த இடத்துல எனக்கு என் ப்யூரெட் ஞாபகம் வந்துச்சு.

1973 ஜூலையில ஒரு சிப்பியைத் திறந்தாங்க, உருண்டையா முத்து இருந்துச்சு. வேலை ஆரம்பிச்சு ஒரு வருஷம்கூட ஆகலை.

ஞாயித்துக்கிழமை காலையில தறிக்கூடத்துக்குப் போனேன். சித்தப்பா ஒரு தறியை நிறுத்திட்டுப் பாவு பிணைச்சுட்டு இருந்தார். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பழைய பாவு தீர்ந்துபோனா, புதுப் பாவோட ஒவ்வொரு இழையையும் பழைய இழையோட கையால முறுக்கிச் சேர்க்கணும். ஆயிரக்கணக்கான இழை. நான் சின்ன வயசுல ஒரு லீவுல முயற்சி பண்ணியிருக்கேன். நான் பிணைச்சது எல்லாம் தறி ஓட்டின உடனே பிரிஞ்சு வந்துச்சு. சித்தப்பா விரல் நம்ம கண்ணுக்கே பிடிபடாது. பேசிக்கிட்டே பிணைப்பார்.

அவர் பக்கத்துல உட்கார்ந்து கதையைச் சொன்னேன். முத்துன்னதும் பெருசா ஆர்வம் காட்டலை. மென்தால்னதும் சிரிச்சார். அரை அரிசி அளவுத் துண்டுன்னதும் கை நின்னுச்சு.

"அதுல எந்தப் பக்கம் வெளிய வரணும்னு எப்படிக் கண்டுபுடிப்பாங்க?"

சாயம் ஏத்தறதைச் சொன்னேன்.

"சாயம் ஏத்தினாலும் ஊசியில எடுக்கறப்ப பொரண்டுக்கும் கண்ணு. பழகணும்."

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். நான் படிச்ச பேப்பர்ல எதுலயும் இந்தக் கேள்வி இல்லை. செய்முறை இருக்கும், படம் இருக்கும், ஊசியில புரண்டுக்கும்னு இருக்காது. ஏழாவதோட படிப்பை நிறுத்தின என் சித்தப்பாவுக்கு அது ஒரு நொடியில தெரிஞ்சுது. தச்சர் மிசேக்கும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.

ஆனா சித்தப்பா அதோட விடலை. அடுத்த கேள்வி நேரா வந்துச்சு. "செரி, அந்த முத்து வித்துச்சா?"

இங்கதான் எனக்குத் தொண்டை அடைச்சுது. நான் வக்கீலா போயிருந்தேன், சாட்சி கேள்வி கேக்கறார். பொய் சொல்லலாம். சொல்லலை. பெருசா விக்கலைங்க சித்தப்பான்னேன். கடல் முத்து வளர்ப்புல இந்தியா ஜப்பான் பக்கத்துல வரவே இல்லை. நம்ம சிப்பி சின்னது, அதனால முத்தும் சின்னது. கடல்ல தெப்பம் போடறதுக்கு ஏத்த அமைதியான இடம் நம்ம கரையில குறைவு. அப்புறம் சீனாக்காரங்க நன்னீர் மட்டியில முத்தைக் குவிச்சு விலையை இறக்கிட்டாங்க. ஆய்வு ஜெயிச்சுது. தொழில் எழலை.

சித்தப்பா தலையாட்டினார். "நான் நெனச்சேன்."

அப்ப வாசல்ல நின்னு தங்கச்சி கேட்டுட்டு இருந்திருக்கா. "அண்ணா, மிச்சத்தையும் சொல்லு. 1981ஐச் சொல்லு." அவளுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுமாம். நான் ஒரு நாள் முழுக்கக் கண்டுபிடிச்சதா நினைச்சது அவளுக்கு மூணாவது செமஸ்டர் பாடம்.

அதனால மிச்சத்தை அவதான் சொன்னா. நான் சுருக்கித் தர்றேன்.

மணி வைக்கக் கத்துக்கிட்டாங்க, ஆனா சிப்பிக்கு எங்க போறது? பார்ல சிப்பி வந்தா உண்டு, வராட்டி இல்லை. அப்ப சிப்பியையே லேப்ல பொறக்க வைக்கணும். தூத்துக்குடியில அழகர்சாமியும் கூட வேலை பார்த்தவங்களும் 1981ல அதைச் செஞ்சாங்க. சிப்பியைத் தூண்டி முட்டையும் விந்தும் விட வைக்கணும். முட்டை ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்கு இருக்கும். கருத்தரிச்சு இருபது மணி நேரத்துல குஞ்சுக்கு ஆங்கில 'டி' எழுத்து மாதிரி ஒரு ஓடு வந்துரும். அப்புறம் நீந்திக்கிட்டே வளரும். ஒரு கட்டத்துல கண் மாதிரி ஒரு கரும்புள்ளி வரும், அப்புறம் கால் முளைக்கும், இடம் தேடி ஊர்ந்து போய் ஒட்டிக்கும். மொத்தம் மூணரை வாரம்.

"அதுக்குச் சாப்பாடு யாரு போடுவா?" இது சித்தி. எப்ப வந்து நின்னாங்கன்னு தெரியலை.

சாப்பாடுதான் பெரிய வேலைன்னா தங்கச்சி. அந்தக் குஞ்சோட வாய்க்குள்ள போற அளவுக்குச் சின்னதா ஒரு பாசி வேணும். ஐசோகிரைசிஸ்னு பேரு. பழுப்புத் தங்க நிறம், ஒரே ஒரு செல், வால் வச்சு நீந்தும். கடல்தண்ணியில ஆயிரம் வகை பாசி இருக்கும், அதுல இது மட்டும் தனியா வேணும். தண்ணியைத் திரும்பத் திரும்ப நீர்க்க வச்சு, மைக்ராஸ்கோப்புல பார்த்து, நுனியை நீட்டி இழுத்த கண்ணாடிக் குழாயால ஒரு செல்லைப் பிடிச்சு, சுத்தமான தண்ணியில விடணும். அது பெருகினா குடுவைக்கு மாத்தணும், குடுவையில இருந்து பெரிய ஜாடிக்கு. வெளிச்சம், உப்பு, சூடு எல்லாம் அளவா இருக்கணும். வேற பாசியோ, ஒரு பூச்சியோ ஒரு தடவை உள்ள வந்துட்டா ஜாடி மொத்தமும் போச்சு. ஒரு மில்லியில எத்தனை செல் இருக்குன்னு கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டுல எண்ணித்தான் குஞ்சுக்குப் போடணும். கூடப் போட்டா தண்ணி கெட்டுரும், குறைஞ்சா பட்டினி. ஞாயித்துக்கிழமை, பொங்கல், கல்யாணம் எதுவும் கிடையாது, தினமும் பண்ணணும்.

"மாடு வச்சிருக்கற மாதிரி"ன்னாங்க சித்தி.

அப்படிப் பொறந்த குஞ்சுகளை 1980களோட பின்பாதியில லட்சக்கணக்குல மன்னார் வளைகுடாப் பார்லயே கொண்டுபோய் விட்டாங்க. பழைய முத்துக்குளிப்பு அதனால திரும்ப வந்துரலை. ஆனா சிப்பி, மட்டி மாதிரி உயிரினங்களைக் குஞ்சு பொரிக்க வைக்கிற வித்தை இந்த நாட்டு லேப்ல கைக்குப் பழகிருச்சு. அழகர்சாமி பின்னாடி சென்னையில இருக்கற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்துக்கு, அதாவது சீபாவுக்கு இயக்குநரா இருந்தார்.

இனி, இதைக் கேட்டுட்டு "நானும் கடல் உயிரியல் போறேன்"னு கிளம்பற தம்பி, தங்கச்சிகளுக்குக் கொஞ்சம் கணக்கு. சித்தப்பாகிட்டயும் இதையேதான் சொன்னேன். எம்.எஸ்சி. முடிச்ச உடனே நிரந்தர வேலை கிடைக்காது. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கினா 2023 தொடக்கத்துல இருந்து மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. அதுக்கு மேல வீட்டு வாடகைப் படி. வாங்கலைன்னா ப்ராஜெக்ட் வேலை, ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது. சி.எம்.எஃப்.ஆர்.ஐ. மாதிரி இடத்துல விஞ்ஞானியா உள்ள போக ஏ.ஆர்.எஸ். தேர்வு இருக்கு, போட்டி கடுமை. இறால் குஞ்சு பொரிப்பகம், சுற்றுச்சூழல் ஆய்வு கம்பெனி, இப்படித் தனியார்லயும் இடம் உண்டு, ஊர் ஊராப் போகணும். என்னோட முதல் வருஷச் சம்பளத்தோட ஒப்பிட்டா அவ அந்த இடத்துக்கு வர ஆறு, ஏழு வருஷம் ஆகலாம். இதை நான் மறைக்கலை. தங்கச்சியும் மறைக்கச் சொல்லலை. அவ ஒரு நோட்டுல ஏற்கனவே எழுதி வச்சிருந்தா, என் கணக்கை விட அவ கணக்கு இன்னும் கறாரா இருந்துச்சு.

"ஒப்பிட்டுப் பாரும்மிணி, உங்கண்ணன் எவ்வளவு வாங்கறான்"ன்னார் சித்தப்பா.

"அண்ணனுக்கு எப்ப வேலை போகும்னு அவனுக்கே தெரியாதுங்ப்பா"ன்னா. போன வருஷம் எங்க டீம்ல பாதிப் பேரை அனுப்பினது வீட்டுக்குத் தெரியாதுன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன்.

சித்தப்பா ரொம்ப நேரம் பேசலை. மிச்சமிருந்த இழையை எல்லாம் பிணைச்சு முடிச்சார். தறியை மெதுவா ஓட்டி, பிணைச்ச இடம் எல்லாம் விழுதில பிரியாமத் தாண்டிப் போகுதான்னு பார்த்தார். போச்சு. அப்புறம் அவகிட்ட, "உன் கையைக் காட்டு"ன்னார். அவ நீட்டினா. இடது கை ஆள்காட்டி விரல்ல நாலஞ்சு மெல்லிய கோடு. துணைப்பாடம் தாவரவியல், தண்டை பிளேடால காகிதம் மாதிரி சீவி மைக்ராஸ்கோப்புல வைக்கணும். ஆரம்பத்துல எல்லாரும் விரலைச் சீவிக்குவாங்களாம்.

"இப்ப வெட்டிக்கறயா?"

"இல்லைங்ப்பா. ஒண்ணரை வருஷமா இல்லை."

திங்கக்கிழமை ஃபீஸ் கட்டியாச்சு. நான்தான் ஆன்லைன்ல கட்டினேன், பாதிப் பணம் சித்தப்பாவோடது, பாதி சித்தியோட சீட்டுப் பணம். ரெண்டு வருஷம்தான், அதுக்கு மேல கேக்கக்கூடாதுன்னு ஒரு நிபந்தனை இருக்கு. அவ அதுக்குச் சரின்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. கோயமுத்தூர்ல இருந்து மயிலாடுதுறைக்கு ஜன் சதாப்தி இருக்கு, அங்க மாறினா பரங்கிப்பேட்டைக்கே ஸ்டேஷன் இருக்குன்னு நேத்து ராத்திரி நாலு தடவை எங்கிட்டக் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டார்.

அப்புறம் இன்னொண்ணு கேட்டார். "அங்க ராத்திரி தறிச் சத்தம் இருக்காதே. அவளுக்குத் தூக்கம் வருமா?"

கடல் சத்தம் இருக்குங்க சித்தப்பான்னு சொன்னேன். ஹாஸ்டல்ல இருந்து கேக்குமான்னு நான் விசாரிக்கலை.

அடுத்த வாரம் பழையபடி பெங்களூர்ல இருந்து, வேற விஷயத்தோட வர்றேன். போயிட்டு வர்றேனுங்க.